என் அளவுக்கு ஒரு கையுறை

என் கை சிறியது. வளையல் கடையில் அது பெருமை. ஆயுதப்படையில் அது தொந்தரவு. பணியில் சேர்ந்த புதிதில் பிஸ்டலை என் கையில் கொடுத்த பயிற்சியாளர், ஆள்காட்டி விரல் விசைவரை எட்டுகிறதா என்று குனிந்து பார்த்தார். எட்டியது. எட்டியதோடு நிற்கவும் இல்லை. சில ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டக் காவல்துறையின் துப்பாக்கி சுடும் அணியில், பிஸ்டல் பிரிவில் நான் இருந்தேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது என்று வீட்டில் கேலி செய்வார்கள். உயரட்டுமே.

கையுறையைப் பற்றி நான் யோசிக்க நேர்ந்தது ஒரு ஜல்லிக்கட்டுப் பந்தோபஸ்தில். தை பிறந்துவிட்டால் எங்கள் மாவட்டத்தில் ஊர் மாற்றி ஊர் வாடிவாசல் திறக்கும், நாங்களும் வேனில் ஊர் மாற்றி ஊர் போய்க்கொண்டிருப்போம். அன்றைக்குப் பார்வையாளர் பக்கத் தடுப்பில் நின்றிருந்தேன். சவுக்குக் கம்பு நட்டுத் தகரம் அடித்த தடுப்பு. பக்கத்தில் என்னோடு ஒரே பேட்சில் சேர்ந்த தோழி. என்னைவிட ஒரு தலை உயரம் அவள், கையும் அதற்கேற்ற அகலம். ஒரு காளை எங்கள் பக்கமாகத் திரும்பியது. பின்வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்க முண்டியடித்தார்கள். தடுப்பு களத்துப் பக்கம் சாய ஆரம்பித்தது. அது விழுந்திருந்தால் அதன்மேல் சாய்ந்து நின்ற அத்தனை பேரும் மாட்டின் முன்னால் போய் விழுந்திருப்பார்கள். நாங்கள் இருவரும் தோளைக் கொடுத்து, கையைக் கொடுத்து அதை நிமிர்த்திப் பிடித்தோம். ஆட்கள் கயிறு கொண்டுவந்து கட்டி முடிக்கும்வரை விடவில்லை.

விட்ட பிறகுதான் பார்த்தேன். தகரத்தின் விளிம்பு என் வலது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதையைக் கிழித்திருந்தது. தோழி தன் கைக்குட்டையை இறுக்கிக் கட்டினாள்.

"ஸ்டோர்ல குடுத்த க்ளவுஸ் எங்கடி?"

"பைக்குள்ள கெடக்கு. அத மாட்டுனா நான் எதையும் புடிக்க முடியல, அதத்தான் புடிச்சுக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு."

பொய்யில்லை. எங்களுக்கு வரும் கையுறைகள் ஆண்களின் அளவில் வருபவை. என் விரல் முடிந்த பிறகும் ஒவ்வொரு விரலுறையும் அரை அங்குலம் காலியாக நீண்டு தொங்கும். லத்தியைப் பிடித்தால் உள்ளங்கையில் துணி மடிந்து உருளும். அவளுக்கு அவை பொருந்தும், எனக்குப் பொருந்தாது. அப்படிப் பொருந்தாதவர்கள் எங்கள் பெண்கள் பிரிவில் பாதிக்கு மேல்.

ஆஸ்பத்திரியில் போட்ட தையல் பிரித்து, கட்டு அவிழ்த்து, புண் ஆறியது. ஆனால் தழும்பு விழுந்த இடம் சரியாகப் பிஸ்டலின் பின்பக்கம் வந்து உட்காரும் இடம். ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும் உதை அங்கேதான் விழும். பாறைக்குன்றுக்கு அடியில் இருக்கும் எங்கள் சுடுதளத்துக்குத் திரும்பப் போன முதல் நாள், நான் சுட்டதெல்லாம் இலக்கின் நடுவை விட்டுக் கீழே இடப்பக்கமாக இறங்கியிருந்தது. வலி வரப்போகிறது என்று தெரிந்த கை, குண்டு புறப்படும் முன்பே ஒரு நடுக்கம் நடுங்கிவிடுகிறது. அதை நான் உணரவில்லை. இலக்குத் தாளில் எல்லாரும் பார்க்கும்படி தெரிந்தது.

சுடுதளத்துக்குப் பொறுப்பாக இருந்த உதவி ஆய்வாளர் தாளைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதிகம் பேசாதவர், பேசினாலும் குரலை உயர்த்தாதவர்.

"கை வலிக்கிதாம்மா?"

"இல்லைங்கய்யா."

"தாள் வேற சொல்லுதே."

மண்டலப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. தழும்பு பதமாகும்வரை காத்திருக்க நேரமில்லை. நல்ல கையுறை ஒன்று வாங்கி, அதை மாட்டியே பழகிக்கொள்ளும்படி சொன்னார். போட்டியில் கையுறைக்குத் தடையில்லை என்பதையும் அவரே விசாரித்து வைத்திருந்தார். மாதம் முடிவதற்குள் பழையபடி சுட முடியவில்லை என்றால் வேறு ஒருவரை அனுப்ப வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

அன்று மாலையே வீடியோ காலில் கணவரிடம் சொன்னேன். அவர் வளைகுடாவில், கிரேன் வைத்து இரும்புக் குழாய்களைத் தூக்கி இறக்கும் யார்டில் வேலை செய்கிறார். காலையில் மாட்டும் கையுறையைச் சாப்பாட்டுக்கு மட்டும் கழற்றுகிற வேலை. நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் முடிவு செய்துவிட்டார்.

"கடையில எதையும் வாங்கிப்புடாத. க்ளவுஸுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். நான் குடுத்து விடுறேன்."

அவர் சொன்னதற்கும் ஒரு நியாயம் இருந்தது. அதற்குள் நான் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் ஏறி இறங்கியிருந்தேன். கிடைத்ததெல்லாம் பைக் ஓட்டுகிறவர்களுக்கானவை. விரல் பாதி வெட்டியவை, முதுகில் மண்டையோடு வரைந்தவை. அதை மாட்டிக்கொண்டு பந்தோபஸ்தில் நின்றால் கூட்டம் கலையாது, கூடும்.

பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது பொட்டலம் வந்து சேர்ந்தது. ஆரஞ்சும் கறுப்புமான கையுறை. உள்ளங்கையில் இரட்டைத் தோல், விரல்களின் முதுகில் அடி விழுந்தால் தாங்குவதற்காக ரப்பர் வரிகள், மணிக்கட்டில் இறுக்கும் பட்டை. மாட்டிப் பார்த்தேன். நீளம் அப்படியே அளவெடுத்தது போல் பொருந்தியது. எப்படி என்று கேட்டதற்கு அவர் போனில் சிரித்தார். "ஒன் கை என் கைக்குள்ள எம்புட்டு எடம் புடிக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றார். அதைத் தோழியிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு வாரம் பாராக்கில் என்னை வைத்து ஓட்டினாள்.

அதை மாட்டிக்கொண்டு பெருமையாகச் சுடுதளத்துக்குப் போனேன். பிடி நன்றாக இருந்தது. விசை வளையத்துக்குள் விரலை நுழைக்கும்போது ரப்பர் வரி உரசியது, பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். முதல் குண்டு போனது, வலியே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் விரலைத் தளர்த்தினேன். தளர்த்தினேன் என்றுதான் நினைத்தேன். தடித்த தோலுக்குள் விரல் எங்கே நிற்கிறது, விசை எவ்வளவு திரும்பி வந்திருக்கிறது என்று எதுவும் தெரியவில்லை. அடுத்த குண்டு நான் நினைக்காத நேரத்தில் போய்விட்டது. துப்பாக்கி முன்னே பார்த்தபடிதான் இருந்தது, குண்டு மண்மேட்டில் புதைந்தது. ஆனாலும் விரலை விசையிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன்.

உதவி ஆய்வாளர் நிறுத்தச் சொன்னார். மேகசினைக் கழற்றி, குண்டு நிற்கும் அறை காலியாக இருப்பதைக் காட்டி, மேசையில் வைத்தேன். அவர் கையுறையை வாங்கி விரலால் அழுத்திப் பார்த்தார்.

"நல்ல க்ளவுஸுதான்மா. ஒன் கைய இது காப்பாத்தும். எதுக்க நிக்கிறவன யாரு காப்பாத்துறது?"

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். குழாய் தூக்குகிற கையுறைக்கு நுணுக்கம் தெரியாதுதான் என்று ஒத்துக்கொண்டார். தூக்கிப் போட்டுவிடாதே, கயிறு பிடிக்க, கம்பி பிடிக்க ஆகும் என்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று தெளிவானது. நான் ஒரே கையுறையைத் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது இரண்டு. தடித்ததை அன்றே பெல்ட்டில் ஒரு கொக்கி போட்டு மாட்டிக்கொண்டேன், பந்தோபஸ்துக்கு அதுதான் என்று. சுடுவதற்கு வேறு.

அந்த வேறொன்றைத் தேடித் தோழியோடு திருச்சிக்குப் பஸ் ஏறினேன். காவல்துறைச் சீருடைச் சாமான்கள் விற்கும் கடை. பெல்ட், தொப்பி, பூட்ஸ், நட்சத்திரம் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் மினுங்கின. கடைக்காரர் எடுத்த எடுப்பில் விரல் முட்டிகளில் கெட்டிப் பிளாஸ்டிக் பதித்த கறுப்புக் கையுறையை வைத்து, எல்லா சார்களும் இதைத்தான் வாங்கிப் போகிறார்கள் என்றார். பார்க்க மிரட்டலாகத்தான் இருந்தது. மாட்டி விரலை மடக்கினேன், பிளாஸ்டிக் முட்டி என் முட்டிக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

சேலையில் குத்தியிருந்த சேஃப்டி பின் ஒன்றைக் கழற்றிக் கண்ணாடி மேல் போட்டேன். கையுறையோடு அதை எடுக்க முயன்றேன், முடியவில்லை. கழற்றி வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்டேன். அடுத்ததில் விரல் நுனியை உள்பக்கம் புரட்டிப் பார்த்தேன். தையல் சரியாக ஆள்காட்டி விரலின் பூவில், விசை படுகிற இடத்தில் ஓடியது. அதுவும் வேண்டாம். இன்னொன்று எல்லாவற்றிலும் தேறியது. கடைக்காரர் வரவழைத்த டீயைக் குடித்து முடிக்கும்வரை அதைக் கழற்றாமல் இருந்தேன். கழற்றியபோது கை வேகவைத்த கிழங்கு போல இருந்தது. நம் ஊர் வெயிலில் அதை மாட்டிக்கொண்டு எத்தனை நேரம் நிற்க முடியும்? முதலில் சலித்துக்கொண்டிருந்த கடைக்காரர் இப்போது தானே ஒன்றை மாட்டிக்கொண்டு அந்தப் பின்னை எடுக்க முயன்றுகொண்டிருந்தார்.

ஆட்டுத்தோலில் மெல்லியதாக, முதுகுப்பக்கம் காற்றுப் போகும் வலைத்துணி வைத்து, கட்டைவிரல் கவட்டையில் மட்டும் இரண்டடுக்குத் தோல் போட்ட சாம்பல் நிறக் கையுறை ஒன்று கடைசியில் வெளியே வந்தது. தையல் விரலின் பக்கவாட்டில் போயிற்று. எல்லாம் சரி. அளவு மட்டும் பெரியது.

"சின்ன சைஸ் இல்லைங்களா?"

"லேடீஸ் சைஸ் யாரும் கேக்குறதில்லைங்க மேடம்."

"நான் கேக்குறேன்ல."

தோழி தன் பெரிய கையைக் கண்ணாடி மேல் வைத்து, தனக்கு வேண்டாம், ஆனாலும் தானும் கேட்டதாக எழுதிக்கொள்ளச் சொன்னாள். கடைக்காரர் சிரித்துவிட்டு மொத்த வியாபாரிக்குப் போன் போட்டார்.

அடுத்த வாரம் அது பஸ் பார்சலில் வந்தது. மாட்டியதும் விரல் நுனியில் காற்று இல்லை, உள்ளங்கையில் மடிப்பு இல்லை. சேஃப்டி பின்னை ஒரே முயற்சியில் எடுத்தேன். குண்டுகள் இல்லாத துப்பாக்கியில்தான் முதலில் பழக வேண்டும் என்று உதவி ஆய்வாளர் சொல்ல, விசையை அழுத்தி அழுத்தி விட்டுப் பழகினேன். விசையின் விளிம்பு தோல் வழியாகத் தெரிந்தது. அது திரும்பி வந்து உட்காரும் அந்தச் சின்னக் 'க்ளிக்' விரலுக்குக் கேட்டது. பிறகுதான் குண்டு போட்டேன். உதை வந்தது, கவட்டைத் தோலில் பரவிப் போனது. அன்றைய தாளில் துளைகள் நடுவை விட்டு அதிகம் விலகவில்லை. உதவி ஆய்வாளர் அதைப் பார்த்தார். நாளைக்கும் இதே நேரத்துக்கு வரச் சொன்னார்.

போட்டிக்கு முன்னால் ஜெகதாப்பட்டினத்துக்கு ஒரு பந்தோபஸ்து வந்தது. கடலுக்குப் போன படகுகள் சில, எல்லை தாண்டியதாகச் சொல்லி அந்தப் பக்கத்துக் கடற்படையிடம் பிடிபட்டுவிட்டன. ஆட்களை மீட்டுத் தரச் சொல்லிக் குடும்பங்கள் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள்தான் அதிகம், அதனால் நாங்களும் அதிகம். எனக்கு நேர் எதிரே மீன் விற்கும் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். நல்ல ஆகிருதி. காலையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியதும் என் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினேன். வாங்கவில்லை.

"எம் மகன் அங்கிட்டு செறையில கெடக்கான். நீ இங்கிட்டு எங்களுக்குக் காவலு நிக்கிற."

பாட்டிலை அவர் பக்கத்திலேயே வைத்துவிட்டு என் இடத்தில் போய் நின்றேன்.

மதியத்துக்குப் பிறகு ஐஸ் கம்பெனிப் பக்கமிருந்து ஒரு மினி லாரி வந்தது. மறியலைப் பார்த்த ஓட்டுநர் அவசரமாக வண்டியைத் திருப்ப, பின்சக்கரம் சாலையை விட்டு இறங்கி, லாரி பள்ளத்தில் சரிந்து படுத்துவிட்டது. ஐஸ் பாளங்களும் மீன் பெட்டிகளும் ஓட்டுநர் அறையின் மேல் சரிந்து குவிந்தன. முன்கண்ணாடி நொறுங்கித் தொங்கியது. உள்ளேயிருந்து முனகல் கேட்டது.

ஓடும்போதே பெல்ட்டிலிருந்த தடித்த கையுறையை மாட்டிக்கொண்டேன். தோழி வண்டியின் மேலேறிக் கதவை நெம்பினாள், அது அசையவில்லை. முன்பக்கம்தான் வழி. சட்டத்தில் ஈட்டி ஈட்டியாக நின்ற கண்ணாடியை நான் பிடுங்கிப் பிடுங்கி வெளியே வீசினேன். அதற்குள் சாலையில் இருந்த பெண்கள் எழுந்து ஓடி வந்துவிட்டார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சாக்கை வைத்து ஐஸ் பாளங்களை இழுத்துத் தள்ள ஆரம்பித்தார்கள். அந்த அம்மாள் என் பக்கத்தில் வந்து வெறுங்கையோடு கண்ணாடியில் கை வைக்கப் போனார். நான் ஒரு கையுறையைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். அவர் நான்கு விரலை நுழைத்துப் பார்த்தார், பாதிக்கு மேல் போகவில்லை.

"இது என்னாத்தா, பிள்ள கை மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க ஐஸ இழுங்க ஆத்தா. கண்ணாடிய நான் பாத்துக்கிறேன்."

சட்டம் சுத்தமானதும் இடுப்புவரை உள்ளே போனேன். ஓட்டுநர் ஸ்டீயரிங்கின் கீழே கால் சிக்கிக் கிடந்தார். வளைந்த தகரத்தைப் பிடித்து நான் நிமிர்த்த, பின்னாலிருந்து தோழி என்னைப் பிடித்துக்கொள்ள, பெண்கள் பெட்டிகளை எடுத்து எடை குறைக்க, கால் வெளியே வந்தது. முறிந்திருந்தது, ஆனால் மனிதர் பேசினார். என் பெயர் என்ன என்று கேட்டார். நாங்கள் எல்லோருமாகத் தூக்கி வெளியே கிடத்தினோம். ஆம்புலன்ஸுக்கு மறியல் தானாகவே வழிவிட்டது.

அது போன பிறகு அந்த அம்மாள் என் கையைப் பிடித்து இழுத்தார். கையுறையின் தோலில் கண்ணாடிச் சில்லுகள் குத்திக்கொண்டு மினுங்கின. அவரே பட்டையைப் பிரித்து, அதை மெல்ல உருவி, என் கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. பிறகு தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார். மறியல் தொடர்ந்தது. நானும் என் இடத்தில் போய் நின்றேன்.

அன்று மாலை கணவரிடம் கையுறையைக் காட்டினேன். கேமராவுக்குக் கிட்டத்தில் கொண்டுவரச் சொன்னார். இன்னும் கிட்டே என்றார். ஒவ்வொரு சில்லாகப் பார்த்தார் போலிருக்கிறது.

"நான் வாங்கிக் குடுத்ததாச்சே" என்றார். திரும்பக் கொக்கியில் மாட்டும் முன் எல்லாச் சில்லையும் பிடுங்கிவிடச் சொன்னார்.

மண்டலப் போட்டியில் எனக்கு இரண்டாம் இடம். முதலிடம் பிடித்த பெண்ணுக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம் மிகச் சின்னது. அதை நினைத்து வருந்தினேன் என்று சொன்னால் பொய். வெள்ளிப் பதக்கத்தை வாங்கிக்கொண்டு இறங்கியதும் அந்தப் பெண்தான் முதலில் வந்து, அந்தக் கையுறையை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். அவள் கை என்னுடையதைவிடச் சிறியது. கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டேன். அப்படியே நின்று சேஃப்டி பின், தையல், டீ எல்லாவற்றையும் சொன்னேன். எங்களைச் சுற்றி வேறு மாவட்டத்துப் பெண்களும் கூடிவிட்டார்கள். உதவி ஆய்வாளர் கொஞ்சம் தள்ளி நின்று, என்னைத் தெரியாதவர் ஒருவரிடம், எங்க மாவட்டத்துப் புள்ள என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு ஆயுதப்படை ஆய்வாளர் என்னைக் கூப்பிட்டார். பெண்கள் பிரிவுக்குப் புதிதாகக் கையுறை வாங்கப்போவதாகவும், அளவு பார்த்து எது வேண்டும் என்று நானே சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். இரண்டு வகை வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன். மறுபேச்சில்லாமல் தலையசைத்தார். பணியில் சேர்ந்ததிலிருந்து அத்தனை சுலபமாக என் பேச்சு எடுபட்டது அன்றுதான்.

ஓய்வறைத் தரையில் பழைய செய்தித்தாள்களை விரித்தோம். ஒவ்வொருத்தியாக உட்கார்ந்து கையை வைக்க, நான் பேனாவால் சுற்றி வரைந்தேன். மருதாணி வைத்த கை, வயலில் வளர்ந்து காய்த்த கை, தீக்காயத் தழும்புள்ள கை. தோழியின் கை பாதித் தாளை எடுத்துக்கொண்டது. ஏழு மாத வயிற்றோடு இருந்த ஒருத்தி, விரலெல்லாம் வீங்கியிருக்கிறது, பிரசவம் முடிந்து வந்து அளவு கொடுக்கிறேன் என்றாள். அவளுக்கு மட்டும் இரண்டு அளவு வாங்குவதென்று முடிவானது.

கையுறைகள் வந்த வாரம், காலை அணிவகுப்பில் எல்லோரும் மாட்டிக்கொண்டு நின்றோம். மணிக்கட்டுப் பட்டைகளை ஒரே நேரத்தில் இழுத்து ஒட்டிய சத்தம் மைதானம் முழுக்கச் சரசரவென்று கேட்டது. ஆய்வாளர் வரிசையில் நடந்து வந்து, ஒவ்வொருத்தியையும் விரலை மடக்கி விரிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு விரல் நுனிகூடக் காலியாகத் தொங்கவில்லை.